ஃபார்மட் செய்யும் முன் அந்த ரீட்மீயைப் படியுங்கள்: ரான்சம்வேரின் வகையை அறிவது எப்படி?

கேள்வி: கோத்தகிரியில் சின்ன போட்டோ ஸ்டூடியோ வைத்திருக்கிறேன். ஆல்பம் டிசைன் சாஃப்ட்வேர் ஒன்றின் க்ராக்கை, ஆன்டிவைரஸை நிறுத்திவிட்டு நிறுவினேன். அன்று நல்ல மழை, நெட் வந்து வந்து போனது. மறுநாள் காலை கல்யாணப் படங்கள், வீடியோக்கள் எல்லாமே வெள்ளை ஐகானாக நிற்கின்றன. ஒவ்வொரு ஃபைல் பெயருக்குப் பின்னாலும் சம்பந்தமில்லாத நான்கு எழுத்து. எல்லா ஃபோல்டரிலும் ரீட்மீ என்று ஒரு டெக்ஸ்ட் ஃபைல், 980 டாலர் கேட்கிறது. ஃபார்மட் செய்யச் சொல்கிறார்கள். இது எந்த ரான்சம்வேர்? முன்கூட்டியே தெரிந்துகொள்ள ஏதாவது அறிகுறி உண்டா?

பதில்:

ஃபார்மட் செய்யாதீர்கள். யார் சொன்னாலும் சரி, இப்போதைக்கு வேண்டாம். ஃபைல்களைப் பூட்டிவிட்டு, திறக்கப் பணம் கேட்கும் வைரஸ்தான் ரான்சம்வேர். பூட்டப்பட்ட ஃபைல்கள், அந்த ரீட்மீ, சி டிரைவில் ஓரமாகக் கிடக்கும் இன்னொரு சின்ன டெக்ஸ்ட் ஃபைல், இந்த மூன்றையும் வைத்துத்தான் உங்கள் படங்கள் திரும்புமா என்று சொல்ல முடியும். ஃபார்மட் செய்தால் வைரஸ் போய்விடும், வாஸ்தவம்தான். கூடவே அந்த மூன்றும் போய்விடும்.

குன்னூரில் கம்ப்யூட்டர் சர்வீஸ் செய்கிறேன். தேயிலைத் தொழிற்சாலை ஆபீஸ், ஹோம்ஸ்டே, டிடிபி கடை, ஸ்டூடியோ என்று பல இடங்களில் இந்த மாதிரி பூட்டப்பட்ட மெஷின்களைப் பார்த்திருக்கிறேன். பார்த்த வரையில் எனக்குத் தோன்றுவது இதுதான்: பாதிக்கப்பட்டவர்கள் "வைரஸ் வந்துவிட்டது" என்பதோடு நின்றுவிடுகிறார்கள், எந்த வைரஸ் என்று கேட்பதில்லை. ஆனால் எல்லாமே அந்த ஒரு கேள்வியில்தான் இருக்கிறது. சில வகைகளுக்கு டிக்ரிப்டர், அதாவது பூட்டைத் திறக்கும் சாஃப்ட்வேர், இலவசமாக உண்டு, சிலவற்றுக்குப் பாதி வழி உண்டு, சிலவற்றுக்கு ஒன்றுமே கிடையாது. எது என்று தெரியாமல் எடுக்கும் எந்த முடிவும் குருட்டு முடிவு.

நீங்கள் சொன்ன விவரங்கள் ஸ்டாப் என்றும் டிஜேவு என்றும் சொல்லப்படும் குடும்பத்தோடு அப்படியே பொருந்துகின்றன. 2018 முதல் சுற்றிக்கொண்டிருக்கும் ரான்சம்வேர் இது. பெரிய கம்பெனிகளைத் தேடிப் போவதில்லை. உங்களையும் என்னையும் போன்ற தனி ஆட்களையும் சின்னக் கடைகளையும்தான் பிடிக்கும். க்ராக், கீஜென், விண்டோஸ் ஆக்டிவேட்டர் என்று காசில்லாமல் சாஃப்ட்வேர் ஓட்டும் வழிகளைத் தேடுபவர்களின் கையில் போய்ச் சேர்வதுதான் இதன் முக்கியமான வழி. விலை கொடுத்து சாஃப்ட்வேர் வாங்க வசதியில்லாத ஊர்களில் இது அதிகம் பரவியதற்குக் காரணம் அதுதான். உங்களைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. பேஜ்மேக்கரிலிருந்து போட்டோஷாப் வரை க்ராக்கில் ஓடாத டிடிபி கடையை மலையில் விரல்விட்டு எண்ணிவிடலாம்.

இப்போது ரீட்மீயைத் திறந்து நிதானமாகப் படியுங்கள். அது வெறும் டெக்ஸ்ட் ஃபைல், திறப்பதால் ஒன்றும் ஆகாது. ஸ்டாப் டிஜேவு என்றால் 980 டாலர் என்றும், 72 மணி நேரத்துக்குள் தொடர்புகொண்டால் பாதி, அதாவது 490 டாலர் என்றும் இருக்கும். பின்னால் வந்த பதிப்புகளில் அது 999, 499 ஆனது. ஒரு ஃபைலை அனுப்பினால் இலவசமாகத் திறந்து காட்டுகிறோம் என்று ஒரு வரி, தொடர்புக்கு இரண்டு மின்னஞ்சல் முகவரிகள். அடியில் "உங்கள் பெர்சனல் ஐடி" என்று நீளமாக எழுத்தும் எண்ணும் கலந்த ஒரு வரி. தொகை, தள்ளுபடி, மிரட்டல் எல்லாம் உங்களை அவசரப்படுத்தத்தான். உங்களுக்கு வேண்டியது அந்தக் கடைசி வரி மட்டும்.

அந்த ஐடியின் கடைசி இரண்டு எழுத்தைப் பாருங்கள். ஆங்கிலச் சின்ன எழுத்தில் 't', அதையடுத்து எண் 1. இப்படி முடிந்தால் உங்களுக்கு ஒரு வாய்ப்பு இருக்கிறது.

ஏன் என்று சொல்கிறேன். இந்த ரான்சம்வேர் வேலையைத் தொடங்கும்போது முதலில் தன் சர்வரைத் தொடர்புகொண்டு, உங்கள் கம்ப்யூட்டருக்கென்றே தனியாக ஒரு சாவியை வாங்கப் பார்க்கும். கிடைத்துவிட்டால் அந்த ஆன்லைன் சாவியில்தான் பூட்டும். அந்தச் சாவியின் திறவுகோல் அந்தத் திருடர்களிடம் மட்டுமே இருக்கும், வேறு யாராலும் திறக்க முடியாது. சர்வரை எட்ட முடியாவிட்டால் சும்மா இருக்காது. தனக்குள்ளேயே எழுதிவைத்திருக்கும் ஆஃப்லைன் சாவியை எடுத்துக்கொள்ளும். அந்த ஆஃப்லைன் சாவி, அதே பதிப்பில் சர்வரை எட்ட முடியாமல் மாட்டிய அத்தனை பேருக்கும் ஒன்றே. அவர்களில் யாராவது ஒருவர் பணம் கட்டிச் சாவி வாங்கி, அதை ஆராய்ச்சியாளர்களிடம் கொடுத்துவிட்டால் மற்ற எல்லாருக்கும் அது உதவும்.

மலையில் மழை பிடித்தால் என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும். எங்காவது ஒரு மரம் சாயும், கேபிள் அறும், நெட் போகும். வருஷம் முழுக்க நாம் திட்டும் அந்த நெட் அன்று போய்ப் போய் வந்திருக்கிறது என்பதுதான் உங்கள் கேள்வியில் எனக்கு நம்பிக்கை தரும் வரி.

ரீட்மீயோடு நிறுத்தாதீர்கள். சி டிரைவில் சிஸ்டம்ஐடி என்ற ஃபோல்டர் இருக்கும், அதற்குள் பெர்சனல்ஐடி என்ற டெக்ஸ்ட் ஃபைல். அதில் சில சமயம் ஒரு ஐடி மட்டும் இருக்காது, இரண்டு மூன்று இருக்கும். வைரஸ் ஒரு முறை ஓடியபோது நெட் இருந்தது, மறுமுறை ஓடியபோது இல்லை என்றால் அப்படி ஆகும். அப்போது உங்கள் ஃபைல்களில் ஒரு பகுதி ஆன்லைன் சாவியிலும் மீதி ஆஃப்லைன் சாவியிலும் பூட்டப்பட்டிருக்கும். எல்லாம் போய்விட்டது என்று நினைத்தவருக்கு ஒரு டிரைவ் மட்டுமாவது திரும்புவது இப்படித்தான்.

இன்னும் உறுதி வேண்டுமா? பூட்டப்பட்ட ஃபைல்களில் சின்னதாக ஒன்றை வேறொரு இடத்தில் காப்பி எடுத்து, நோட்பேடில் திறந்து கடைசி வரிக்குப் போங்கள். குப்பை எழுத்துகளுக்கு நடுவே, நெளிந்த அடைப்புக்குறிக்குள் 36ஏ698பி9 என்று ஆங்கில எழுத்தில் தொடங்கும் ஒரு நீள வரி இருந்தால் சந்தேகமே வேண்டாம், ஸ்டாப் டிஜேவுதான். பூட்டிய ஃபைலை மறுபடி பூட்டிவிடாமல் இருக்க அது தனக்குத் தானே வைத்துக்கொள்ளும் அடையாளம் அது. பார்த்துவிட்டு சேவ் செய்யாமல் மூடுங்கள். இவ்வளவு மெனக்கெட வேண்டாம் என்றால் ஐடி ரான்சம்வேர் என்ற இலவச இணையதளம் இருக்கிறது. ரீட்மீயையும் பூட்டிய ஒரு ஃபைலையும் ஏற்றினால் வகையைச் சொல்லிவிடும். வாடிக்கையாளரின் குடும்பப் படத்தை ஏற்றாமல் பூவோ மலையோ எடுத்த படமாகப் பார்த்து ஏற்றுங்கள்.

அடுத்தது எம்சிசாஃப்ட் என்ற ஆன்டிவைரஸ் நிறுவனத்தின் டிக்ரிப்டர். மைக்கேல் கில்லெஸ்பி என்ற ஆராய்ச்சியாளரோடு சேர்ந்து 2019 அக்டோபரில் வெளியிட்டார்கள், 148 பதிப்புகளுக்கு வேலை செய்தது. 2019 ஆகஸ்ட்டுக்கு முந்தைய பதிப்புகளில் சாவி செய்யும் முறையே ஓட்டையாக இருந்தது, அதனால் முடிந்தது. அதற்குப் பின் அந்தத் திருடர்கள் ஆர்எஸ்ஏ என்ற வலுவான பூட்டு முறையை ஒழுங்காகப் பயன்படுத்தத் தொடங்கிவிட்டார்கள். எனவே இப்போது மாட்டுபவர்களுக்கு ஆஃப்லைன் சாவி ஒன்றுதான் வழி, அதுவும் அந்தச் சாவி எம்சிசாஃப்ட் கைக்கு வந்திருந்தால். இன்று "சாவி இல்லை" என்று டிக்ரிப்டர் சொன்னாலும் பூட்டிய ஃபைல்களை அழிக்காதீர்கள். ஒரு பழைய ஹார்டு டிஸ்க்கில் ரீட்மீயோடும் பெர்சனல்ஐடியோடும் அப்படியே போட்டு வையுங்கள், சில மாதம் கழித்து மறுபடி ஓட்டிப் பாருங்கள்.

சரி, ஐடி ஆன்லைன் என்றே வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். ஸ்டூடியோக்காரர்களுக்கு அப்போதும் ஒரு வழி இருக்கிறது, இதை நிறையப் பேர் தெரிந்துவைத்திருப்பதில்லை. இந்த ரான்சம்வேர் அவசரக்காரன். ஒரு ஃபைலை முழுவதும் பூட்டுவதில்லை, முதல் 150 கிலோபைட்டை மட்டும்தான் பூட்டும். அதனால்தான் ஆயிரக்கணக்கான ஃபைல்களை ஒரு ராத்திரியில் முடித்துவிடுகிறது. நான்கு பக்க பில்லும் எக்செல் ஷீட்டும் அந்த அளவுக்குள் அடங்கிவிடுவதால் முழுதாகப் போய்விடும். ஆனால் 2 ஜிபி முகூர்த்த வீடியோவில் 150 கேபி எந்த மூலைக்கு? தலைப்பகுதி மட்டும் சிதைந்திருக்கும், படமும் ஒலியும் அப்படியே உள்ளே இருக்கும். டிஸ்க்டூனா வெளியிட்ட மீடியா ரிப்பேர் என்ற இலவச சாஃப்ட்வேர் இந்தக் குடும்பம் கெடுத்த எம்பி4, எம்பி3 ஃபைல்களைச் சரிசெய்யவே எழுதப்பட்டது. அதே கேமராவில் அதே செட்டிங்கில் எடுத்த நல்ல வீடியோ ஒன்றை மாதிரிக்குக் கொடுக்க வேண்டும். உங்கள் கேமரா கையில் இருக்கிறதே, இப்போதே ஒன்று எடுத்துக்கொள்ளலாம்.

போட்டோவிலும் அதே கணக்குதான். 5 எம்பி ஜேபெக்கில் 150 கேபி என்பது மூன்று சதவீதம். அதே கேமராவின் நல்ல படம் ஒன்றிலிருந்து தலைப்பகுதியை எடுத்து ஒட்டினால், மேலே ஒரு பட்டை மட்டும் போய் மீதிப் படம் வந்துவிட வாய்ப்பு நிறைய. அதற்கென்றே ஜேபெக் பழுதுபார்க்கும் சாஃப்ட்வேர்கள் இருக்கின்றன. ரா ஃபைலில் எடுப்பவர் என்றால் இன்னும் நல்லது. பல கேமராக்கள் ரா ஃபைலுக்குள் பெரிய அளவு ஜேபெக் முன்தோற்றம் ஒன்றையும் சேர்த்து வைக்கின்றன. அது 150 கேபியைத் தாண்டி உட்கார்ந்திருந்தால் சேதமில்லாமல் எடுத்துவிடலாம்.

அதற்கும் முன்னால் மெமரி கார்டுகளைத் தேடுங்கள். கார்டை அழித்து ஃபார்மட் செய்திருந்தாலும், அதற்குமேல் புதிதாகப் படம் எடுக்காத வரை போட்டோரெக் என்ற இலவச சாஃப்ட்வேர் நிறைய மீட்டுத்தரும். அதனால் இன்றிலிருந்து அந்தக் கார்டுகளை கேமராவில் போடாதீர்கள். அடுத்த கல்யாணத்துக்குப் புதுக் கார்டு வாங்குங்கள். ஆல்பம் அச்சடிக்கக் கோயம்புத்தூர் லேபுக்கு அனுப்பிய ஃபைல்கள் அங்கே இருக்கலாம். வாடிக்கையாளருக்குப் பென்டிரைவில் கொடுத்தது அவர் வீட்டில் இருக்கும். கூகுள் டிரைவில் பூட்டிய ஃபைல் ஏறிவிட்டிருந்தால்கூட, பழைய பிரதிகள் 30 நாள் வரை இருக்கும். நாள் கடக்கும் முன் போய்ப் பாருங்கள்.

இப்போது அறிகுறிகள். இவை வரிசையாக வரும், ஆனால் நமக்குத்தான் தனித்தனியாகத் தெரியும், சேர்த்துப் பார்க்க மாட்டோம்.

முதலாவது, நிறுவும்போதே வரும்: "ஆன்டிவைரஸை நிறுத்திவிட்டு ஓட்டவும்" என்ற குறிப்பு, கூடவே பாஸ்வேர்டு போட்ட ஜிப் ஃபைல். ஜிப்புக்கு எதற்குப் பாஸ்வேர்டு? ஆன்டிவைரஸ் உள்ளே பார்க்க முடியாமல் இருக்கத்தான். இதைக் கண்ட இடத்திலேயே நிறுத்திவிட்டால் மற்ற எதுவும் நடக்காது. இரண்டாவது, செட்டப்பை அழுத்தியும் எதுவும் திறக்காது. நாமும் "வேலை செய்யவில்லை போல" என்று விட்டுவிடுவோம். அது வேலை செய்துகொண்டிருக்கும். இந்தக் குடும்பத்தின் பல பதிப்புகள் அந்த நேரத்தில் போலியாக ஒரு விண்டோஸ் அப்டேட் ஜன்னலைக் காட்டும். ஹார்டு டிஸ்க் லைட் விடாமல் எரியும், ஃபேன் கத்தும், மெஷின் இழுக்கும். நீங்களும் அப்டேட் என்று நினைத்து டீ குடிக்கப் போய்விடுவீர்கள். உண்மையான அப்டேட்டை நீங்கள் செட்டிங்ஸில் போய்ப் பார்த்தால் அங்கேயும் ஓடிக்கொண்டிருப்பதாகக் காட்டும். இது காட்டாது.

அப்புறம், ஆன்டிவைரஸ் கம்பெனிகளின் இணையதளங்கள் திறக்காது, யூடியூப் மட்டும் நன்றாக ஓடும். விண்டோஸின் ஹோஸ்ட்ஸ் என்ற ஃபைலில் அந்தத் தளங்களின் பெயர்களை எழுதி வழியை அடைத்துவிடும். நெட் கோளாறு என்று நாம் நினைப்போம், மலையில் அப்படி நினைப்பது சுலபமும்கூட. குறித்த நேரத்தில் வேலைகளை ஓட்டும் விண்டோஸின் டாஸ்க் ஷெட்யூலரைத் திறந்தால் டைம் ட்ரிகர் டாஸ்க் என்று ஒன்று ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ஓடும்படி உட்கார்ந்திருக்கும். அது சுட்டும் இடம் விண்டோஸின் ஆப்டேட்டா என்ற ஃபோல்டருக்குள், அர்த்தமில்லாத எழுத்துகளால் பெயர் வைத்த ஒரு ஃபோல்டர். ஃபைலின் மேல் ரைட் க்ளிக் செய்து முந்தைய பதிப்புகள் என்பதைப் பார்த்தால் காலியாக இருக்கும், விண்டோஸ் வைத்திருந்த நிழல் பிரதிகளை அது துடைத்துவிட்டிருக்கும்.

அந்த ஐந்து நிமிட விஷயத்தைக் கவனத்தில் வையுங்கள். பாதியில் கரண்ட் போய் மெஷின் அணைந்துவிட்டால் தப்பித்தோம் என்று நினைத்து மறுபடி ஆன் செய்வார்கள். ஆன் செய்ததும் அது விட்ட இடத்திலிருந்து தொடரும். பூட்டிக்கொண்டிருக்கும்போதே பார்த்துவிட்டால், முதலில் வெளி ஹார்டு டிஸ்க்கைப் பிடுங்குங்கள், பிறகு பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணையுங்கள். ஆன் செய்யாமல் உள்ளிருக்கும் டிஸ்க்கைக் கழற்றி, வேறொரு சுத்தமான மெஷினில் இணைத்து மீதியைக் காப்பி எடுக்க வேண்டும். உங்கள் ஊரில் சர்வீஸ் செய்பவர் யாரும் இதைச் செய்துவிடுவார்.

இன்னொரு விஷயம், படங்களைவிட இது அவசரம். இந்தக் குடும்பம் பெரும்பாலும் தனியாக வருவதில்லை. விடார், ரெட்லைன் போன்ற பாஸ்வேர்டு திருடிகளையும் சேர்த்து இறக்கிவிடும். குரோமில் சேமித்துவைத்த ஜிமெயில், இன்ஸ்டாகிராம், பேங்க் பாஸ்வேர்டு எல்லாம் இந்நேரம் போயிருக்கும் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். அந்த மெஷினைத் தொடாமல் போனிலிருந்து எல்லாவற்றையும் மாற்றுங்கள். மாற்றினால் மட்டும் போதாது, "எல்லாச் சாதனங்களிலிருந்தும் வெளியேறு" என்பதையும் அழுத்துங்கள். திருடியதில் குக்கீகளும், அதாவது நீங்கள் உள்நுழைந்திருப்பதை பிரவுசர் நினைவில் வைக்கும் குறிப்புகளும், இருக்கும், அவற்றை வைத்துப் பாஸ்வேர்டு இல்லாமலே உள்ளே வரலாம். ஸ்டூடியோவின் இன்ஸ்டாகிராம் பக்கம் அடுத்த வாரம் கிரிப்டோ விளம்பரமாக மாறுவது இப்படித்தான்.

ஒருவேளை உங்கள் ஃபைல் பெயர்கள் நான்கு எழுத்தோடு நிற்காமல், ஐடி எண், சதுர அடைப்புக்குறிக்குள் ஒரு மின்னஞ்சல், அப்புறம் ஒரு சொல் என்று நீண்டால், அது தர்மா அல்லது ஃபோபோஸ் குடும்பம். அதன் கதை வேறு. ஆடிட்டர் கோயம்புத்தூரிலிருந்தே டேலி பார்க்கட்டும் என்று ரிமோட் டெஸ்க்டாப்பைத் திறந்து வைத்திருக்கும் ஆபீஸ்களுக்குள் அது வரும். பச்சை இலை வாங்கும் சின்னத் தொழிற்சாலைகளில் இந்த ஏற்பாடு உண்டு. அங்கே முன் அறிகுறி க்ராக்கில் இருக்காது, நடந்ததை எல்லாம் விண்டோஸ் எழுதிவைக்கும் ஈவென்ட் லாகில் இருக்கும்: தோற்றுப்போன லாகின் முயற்சிகள் 4625 என்ற எண்ணோடு நூற்றுக்கணக்கில் நிற்கும். அப்புறம் ஒரு நாள் நடுராத்திரியில் ஒன்று வெற்றி பெறும். யாரும் உருவாக்காத அட்மின் கணக்கு ஒன்று தோன்றும், விண்டோஸின் ஆன்டிவைரஸான டிஃபெண்டர் தானாக அணைந்திருக்கும். லாக் அழிக்கப்பட்டதற்கான 1102 தெரிந்தால் ஆள் உள்ளே இருக்கிறான் என்று பொருள். ஃபோபோஸுக்கு ஜப்பான் காவல்துறை 2025 ஜூலையில் இலவச டிக்ரிப்டர் வெளியிட்டது. அதனால் அந்த வகையில் மாட்டி, பழைய டிஸ்க்கைப் பத்திரமாக வைத்திருப்பவர்கள் இப்போது எடுத்துப் பார்க்கலாம். நோ மோர் ரான்சம் என்ற தளத்தில் இப்படிப் பல வகைகளுக்கான கருவிகள் ஒரே இடத்தில் கிடைக்கும். 2016-இல் ஐரோப்பியக் காவல் அமைப்பான யூரோபோலும் நெதர்லாந்து காவல்துறையும் சில பாதுகாப்பு நிறுவனங்களும் சேர்ந்து தொடங்கியது அது, நம்பிப் பயன்படுத்தலாம்.

நம்பக் கூடாதவர்களும் இருக்கிறார்கள். "எந்த ரான்சம்வேரையும் நூறு சதவீதம் திறந்து தருகிறோம்" என்று விளம்பரம் செய்பவர்கள் உங்கள் ஐடியைக்கூடக் கேட்காமல் விலை சொல்வார்கள். ஆன்லைன் சாவியில் பூட்டியதைத் திறக்கும் சக்தி யாருக்கும் கிடையாது. திருடனிடம் பேரம் பேசி, அதற்குமேல் தன் கூலியை வைத்து உங்களிடம் வாங்குவார்கள், அல்லது முன்பணத்தோடு காணாமல் போவார்கள். அதேபோல இந்த டிஜேவுவுக்கு டிக்ரிப்டர் என்று தேடினால் வரும் தளங்களில் சிலவற்றில் கிடைப்பதும் இன்னொரு ரான்சம்வேர்தான். மேலே சொன்ன இடங்களைத் தவிர வேறெங்கும் இறக்காதீர்கள்.

பணம் கட்டலாமா? என் கருத்து, வேண்டாம். 490 டாலர் என்பது நம் பணத்தில் நாற்பதாயிரம் ரூபாய்க்கு மேல். கட்டியவர்களில் சாவி வாங்கியவர்களும் உண்டு, ஏமாந்தவர்களும் உண்டு. போய்க் கேட்க ஆள் கிடையாது. அந்தப் பணத்தில் இரண்டு ஹார்டு டிஸ்க்கும் ஒரிஜினல் சாஃப்ட்வேரும் வாங்கி, மீதி வைத்துக்கொள்ளலாம். புகார் மட்டும் கட்டாயம் கொடுங்கள். சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்கு அழைக்கலாம், தேசிய சைபர் கிரைம் இணையதளத்திலும் பதியலாம், ஊட்டியில் மாவட்ட சைபர் கிரைம் போலீசும் இருக்கிறது. படங்கள் அவர்களால் திரும்பாது. ஆனால் திருடுபோன பாஸ்வேர்டை வைத்து நாளை உங்கள் பெயரில் யாராவது ஏதாவது செய்தால் அந்தப் புகார் நகல் உங்களைக் காப்பாற்றும். முகூர்த்தத்தைப் பறிகொடுத்த குடும்பத்திடம் பேசவும் அது கையில் இருப்பது நல்லது.

எல்லாவற்றையும் வேறு டிஸ்க்கில் ஏற்றி, சோதித்து முடித்த பிறகு ஃபார்மட் செய்யுங்கள். அப்புறம் படங்களை இரண்டு ஹார்டு டிஸ்க்கில் வையுங்கள், ஒன்று ஸ்டூடியோவில், ஒன்று வீட்டில். காப்பி முடிந்ததும் கேபிளைக் கழற்றிவிட வேண்டும், செருகியே கிடக்கும் டிஸ்க்கையும் இந்தச் சனியன் பூட்டிவிடும். பனிக்காலத்திலும் மழையிலும் நம் ஊர் ஈரம் டிஸ்க்குக்கு ஆகாது. லென்ஸ்களைச் சிலிக்கா ஜெல் போட்டு ஒரு டப்பாவில் வைத்திருப்பீர்களே, அதிலேயே டிஸ்க்கையும் வைத்துவிடுங்கள்.